கொல்லைப்புறத்துப் பாட்டு

எல்லப்பனுக்குக் கூத்து என்றால் உயிர். பழவேற்காட்டு ஏரியைச் சுற்றி எந்தக் குப்பத்தில் மத்தளம் தட்டினாலும், முன்வரிசை மணலில் அவன் குந்தியிருப்பான். வலை போடும் முறை தன் கூட்டத்துக்கு வராத வாரங்களில் அவன் வீட்டில் தங்கியதாகச் சரித்திரமே இல்லை. அப்பேர்ப்பட்டவனை ஒரு திருக்கை மீன் காலில் முள்ளால் குத்தி, வீட்டோடு படுக்கப் போட்டுவிட்டது. சுண்ணாம்புக்குளத்தில் பத்து நாள் கூத்து நடக்கிறது. இவனோ கோட்டைக்குப்பத்தில் பாயில் கிடக்கிறான். பாவம், அழாத குறைதான்.

"கூத்து பாக்காத நாளெல்லாம் இன்னா நாளு, பவுனு?" என்று மனைவியிடம் புலம்பினான்.

பவுனம்மாள் பதில் பேசவில்லை. காலுக்கு ஒத்தடம் கொடுத்தாள், கஞ்சியை வைத்தாள், போய்விட்டாள். பதினொரு வருஷமாக அவள் அப்படித்தான். தன் மனைவி வாயில்லாப் பூச்சி என்று கூட்டாளிகளிடம் அவன் பெருமையாகவே சொல்லிக்கொள்வான். பெருமைப்பட வேறு விஷயமே கிடைக்கவில்லையோ என்னவோ!

கூத்தின் ஒன்பதாம் நாள். ஒல்லாந்தர் கோட்டையில் உச்சிவேளை மணி அடித்து ஓய்ந்திருந்தது. கொல்லையில் பெண்கள் மீனைக் கீறி உப்புத் தடவிக்கொண்டிருந்தார்கள். அவன் தூங்கிவிட்டான் என்று நினைத்திருக்க வேண்டும். ஒரு பாட்டு எழுந்தது.

"கரைக்கு வந்து சேரு ராசா,
கஞ்சி ஆறிப் போகுமுன்னே..."

எல்லப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. போன மாசியில் கூத்தில் கேட்டுவந்து நாலு நாள் முனகித் திரிந்தானே, அதே மெட்டு! மேலே ஏறும் இடத்தில் அவனுக்கு எப்போதும் வழுக்கிவிடும். இந்தக் குரலோ அங்கே ஏறி நின்று, நிதானமாக இறங்கி வந்தது. சொற்களும் புதுசு. தாங்க முடியாமல் "ஆகா!" என்று கத்திவிட்டான்.

சட்டென்று பாட்டு நின்றது. கொல்லையே அடங்கிப்போயிற்று.

சற்று நேரத்தில் பச்சிலை அரைத்து எடுத்துவந்த பக்கத்து வீட்டு இருசம்மாளை மடக்கினான். "யாரு இருசக்கா பாடினது? எந்த ஊரு பொம்பள?"

"நல்லாக் கேட்ட போ! கட்டின பொண்டாட்டி குரலு தெரியல உனக்கு? நீ ஏரிக்குப் போனா தெனமும் பாடும். உன் தலை தெரிஞ்சா வாயை மூடிக்கும்."

"பவுனா? எங்கிட்ட ஒரு நாளும் பாடினதில்லியே!"

"எப்புடிப் பாடும்? கண்ணாலமான புதுசுல அடுப்பாண்ட பாடினதுக்கு, குடும்பப் பொம்பள பாடுவாளானு கஞ்சிக் கலயத்தைத் தூக்கி அடிச்சியே. நீ மறந்துட்ட. அது மறக்கல."

எவ்வளவு யோசித்தும் அவனுக்கு அது நினைவுக்கு வரவில்லை. அதுதான் அவனை அதிகமாகச் சுட்டது. ஒருத்தியின் வாயைப் பதினொரு வருஷம் அடைத்துவிட்டு, அடைத்தது நினைவில்கூட இல்லாமல் இருந்திருக்கிறான்.

தண்ணீர் கொண்டுவந்த மனைவியிடம் மெல்லக் கேட்டான். "எனக்காக ஒருக்கா பாடேன், பவுனு."

"வாணாம்யா. நீ இருந்தா தொண்டை அடைச்சுக்குது." கோபமே இல்லாமல்தான் சொன்னாள்.

அதட்டினால் பாடிவிடுவாள். அப்படி வரும் பாட்டு அவனுக்கு வேண்டாம்.

மறுநாள் நொண்டிக்கொண்டே கொல்லைக்குப் போய், பெண்களுக்கு நடுவே உட்கார்ந்தான். ஒரு கத்தியை எடுத்து மீனைக் கீறத் தொடங்கினான். "அன்னிக்கு அடுப்பாண்ட நீ பாடினதுக்கு நான் சொன்னது தப்பு, பவுனு. எல்லாரும் கேக்கட்டும்னுதான் இங்க வந்து சொல்றேன்." அவள் தலை நிமிரவில்லை. ஆனால் கத்தி நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து வேலிக்கு அப்பால் கூட்டாளி தருமலிங்கம் வந்து நின்றான். "இன்னாடா, பொம்பளைங்களோட குந்திகினு கீற? கெளம்பு! இன்னிக்குக் கூத்து கடைசி நாளு. படகுல தூக்கி வெச்சே இட்டுகினு போறேன்."

"நான் வரலடா."

"உனக்கு இன்னா பைத்தியமா?"

"இத்தினி நாளு அப்புடித்தான் இருந்தேன். வூட்டுல பாடினவ வாயை மூடிட்டு, ஊர் ஊராப் போய்ப் பாட்டுக்குத் தலையாட்டினேன். நீயும் வூட்டுக்குப் போனதும் பாரு, நீ நொழைஞ்சா அங்க இன்னா அடங்கிப் போவுதுன்னு."

தருமலிங்கம் தலையைச் சொறிந்துகொண்டே நடந்துவிட்டான்.

மீன் கீறும் சத்தம் மட்டும் கேட்டது. வெகு நேரம் கழித்து, தலை நிமிராமலே, பவுனம்மாள் பாடத் தொடங்கினாள். குரல் நடுங்கியது, பாதியில் உடைந்து நின்றது. எல்லப்பன் கத்தியைக் கீழே வைத்தான்.

அவள் அவனைப் பார்த்தாள். "மொதல்லேர்ந்து பாடட்டுமாயா?"

அவன் கண் கலங்கிவிட்டது. "என்னைக் கேக்காத, பவுனு. வாயைத் தொறந்து பாடறதுக்குப் புருசன்கிட்ட உத்தரவு கேக்கணும்னா, அது வூடே இல்ல."