பிடரியில் விட்ட சொட்டு

நுண்ணோக்கியில் கண் வைத்திருந்தவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அக்கா வீட்டுப் பூனைகள் இரண்டின் மலத்திலும் நுரையீரல் புழுவின் குஞ்சு ஒன்றுகூட நெளியவில்லை.

இரண்டில் ஒன்றுக்குத்தான் மருந்து. மற்றதற்கு வெறும் எண்ணெய். எதற்கு எது என்பது சோதனை முடியும்வரை அவளுக்கே தெரியக்கூடாது. பிடரியில் சொட்டு விட்டதும், ஒன்றை ஒன்று நக்கிவிடாமல், அது காயும்வரை இரண்டையும் தனித்தனி அறையில் வைக்கச் சொல்லியிருந்தாள்.

சில பூனைகள் மருந்தில்லாமலே தேறிவிடுவதுண்டு. எண்ணெய் விட்ட பூனையும் அப்படித் தேறியதாக இருக்கட்டுமே என்றது மனசு. அது அவ்வளவு இனிமையாகப் பேசியதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. இந்த ஜோடி போனால் எண்ணிக்கை குறையும். நத்தைகள் ஊர்ந்து புழுவைப் பரப்பும் அடுத்த மழைக்காலம்வரை ஆய்வு தொங்கும். மேலிடத்தில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய ஆய்வு.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனாள்.

"வாங்க டாக்டரம்மா. என்னைப் பாக்க வந்தியா, என் பிள்ளைங்க கக்காவைப் பாக்க வந்தியா?"

"உன்னைத்தான்க்கா."

"அப்ப ஏதோ பெரிய விஷயம்."

சோபாவில் கரி என்ற பூனை கண்ணை மூடிக் கிடந்தது. மற்றப் பூனை பஞ்சு அதன் பிடரியை, கூலி வாங்கிய வேலைபோல நக்கிக்கொண்டிருந்தது. இரண்டிடமும் இருமல் இல்லை.

கேட்க வேண்டியது ஒரே கேள்வி. கேட்காவிட்டால் பதில் இல்லை. பதில் இல்லாவிட்டால் பொய்யும் இல்லை. தேநீரை ஊதினாள். ஆறிய பிறகும் ஊதினாள்.

"அது எப்பவோ ஆறிடுச்சுடி. கேளு."

"சொட்டு விட்ட அன்னிக்குக் கதவைத் திறந்தியாக்கா?"

"ரெண்டும் கதவுக்கு ரெண்டு பக்கமும் உக்காந்து அழுதுச்சுங்க. நீயா இருந்தாலும் திறந்திருப்பே."

"எவ்வளவு நேரம் கழிச்சு?"

"நீ தெருமுனை திரும்பினதும்."

"ஒண்ணை ஒண்ணு நக்குச்சா?"

"பின்னே, கை குலுக்குமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். பூனைங்களும் சொல்லாது" என்றாள் அக்கா.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சேக்கா."

"கேக்காம இருக்கத் தெரியாதே உனக்கு. முதல்ல அந்த வியாதிக்கு ஒரு சொட்டு கண்டுபிடி."

அங்கேயே உட்கார்ந்து ஆய்வுத் தலைவருக்குப் போன் செய்தாள். இந்த ஜோடியைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று சொன்னாள். மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "சரி, மழை வரட்டும்" என்றார் அவர். உண்மையைச் சொன்னால் பாரம் குறையும் என்பார்கள். குறையவில்லை, மழை வரும்வரை சுமக்க வேண்டியதுதான்.

அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாடி வீட்டுப் பூனை ஒண்ணு ராத்திரியெல்லாம் இருமுது. புழுவா இருக்குமா?" என்றாள்.

"இருக்கலாம். வேற பூனை இருக்கா அங்க?"

"இல்ல. அந்தம்மா விடிஞ்சா போனா பொழுது சாஞ்சுதான் வருவாங்க. அதை நக்கிக் குடுக்க ஒரு ஜீவன் கிடையாது."

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டாள். சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவள் காதில் விழுந்தது.