பூட்டுப்போட்ட சால்வை

...இந்த ஊசி பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் எப்படியும் நடந்துவிட்டுப் போகட்டும் என்று நாகமுத்தர் நினைத்தார், ஊசி என்று சொல்லவும் ஏலாது, ஒரு சாண் நீளத்துக்குப் பித்தளைக் கம்பி, அதன் தலையில் காப்பு அளவுக்கு ஒரு வளையம், அந்த வளையத்துக்குள் துணியை இழுத்துக் கம்பியைக் குத்தி வளையத்தைத் திருப்பி மாட்டவேண்டும், அதை மாட்டத்தான் பிரிங்க்மன் கிழவி இவ்வளவு நேரமாக அவருடைய வலத்தோளோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கிறாள், மூச்சு வாங்குகிறது அவளுக்கு, வயதென்ன குறைவா, இவருக்கே அக்கா முறை வரும், பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்ந்தவள், ஓய்ந்தபிறகும் சும்மா இருக்கத் தெரியாமல் அகதி முகாமுக்கு வந்து பழைய கம்பளி உடுப்புக் கொடுக்கிறவள், இப்போது நாடகம் போடுகிறாள். சேர்ச் மண்டபத்துத் திரைக்குப் பின்னால் நிற்கிறார்கள். திரைக்கு அந்தப்பக்கம் கதிரைகள் இழுபடுகிற சத்தம், இருமல், வெளியே இந்த டோர்ட்மண்ட் மழை. ஆயிரத்துச் சொச்சம் வருசத்துக்கு முன்னால் அயர்லாந்து என்று ஒரு தீவிலிருந்து கடல் கடந்து இந்த ஜெர்மன்காரருக்கு வேதம் சொல்ல வந்த துறவி ஒருவனின் கதையாம், அந்தத் துறவியும் ஊரைவிட்டு வந்தவன்தானே, அகதிகள் நடித்தால் பொருத்தமாக இருக்கும் என்று கிழவிக்கு ஒரு யோசனை. புறப்பட முதல் துறவி தன்னுடைய அரசனிடம் போய் முழந்தாளிட்டு விடைபெறுவான். அந்த அரசன் நாகமுத்தர். பேச்சு ஒன்றும் இல்லை, நிற்கவேண்டும், தலையில் கை வைக்கவேண்டும், அவ்வளவுதான். ஏன் தன்னைப் பிடித்தாள்? உயரம், வெள்ளைத் தாடி என்று சொன்னாள். சும்மா ஒருத்தரும் ஒருத்தரை அரசனாக்க மாட்டார்கள், இதுக்குள் ஏதோ இருக்கிறது என்று அவருக்கு அன்றைக்கே பட்டது, ஆனால் என்ன என்று கண்டுபிடிக்க முடியவில்லை, இப்போதும் முடியவில்லை...

உடுப்பைப் பார், வேட்டியுமில்லை, சேட்டுமில்லை, கழுத்திலிருந்து கணுக்கால்மட்டும் ஒரே வெள்ளை அங்கி, பெண்பிள்ளைகள் படுக்கைக்குப் போடுகிற மாதிரி, அதுக்குமேலே இந்தக் கம்பளிப் போர்வை. அவர் இதைப் போர்வை என்று ஒருநாளும் நினைத்ததில்லை. தோளில் போடுகிறதென்றால் அது சால்வைதான், அதை எந்த ஊர்க்காரன் நெய்திருந்தாலும் சரி. முதல்நாள் கிழவி படப் புத்தகம் ஒன்றோடு முகாமுக்கு வந்து கால்மணி நேரம் விளக்கினாள், அந்தக் காலத்து அயர்லாந்தில் யார் என்ன உடுத்தார்கள் என்று கையை ஆட்டி ஆட்டி அவ்வளவு ஆசையாகச் சொன்னாள், மொழிபெயர்க்க நின்ற ஊர்க்காரர் உருத்திரமூர்த்தி தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு இந்தப்பக்கம் திரும்பி, “பழங்காலத்து உடுப்பாம், கவனமாப் போடட்டாம்” என்றார். கால்மணி நேரப் பேச்சுக்கு இரண்டு சொல்லா? மிச்சத்தை என்ன செய்தார், விழுங்கிவிட்டாரா? பிறகு சியாமளாதான் சொன்னாள், பக்கத்து அறைப் பிள்ளை, மாலை வகுப்புக்குப் போய் ஜெர்மன் படிக்கிறது. “அப்பு, அங்கை சாதிக்கொரு நிறமாம். அடிமைக்கு ஒரு நிறம்தான் உடுப்பிலை இருக்கலாமாம், உழுகிறவனுக்கு ரெண்டாம், அப்பிடியே ஏறி ஏறிப் போய் அரசனுக்கு எல்லா நிறமுமாம். பிள்ளையளுக்கும் அப்பிடித்தானாம், தேப்பன் எந்தப் படியோ அந்தப் படி உடுப்பு.” நாகமுத்தர் அன்றைக்குத்தான் அந்தப் புத்தகத்தைக் கிட்ட வாங்கிப் பார்த்தார். வெள்ளைக்காரர்கள். எல்லாரும் வெள்ளைக்காரர்கள். அவர்களுக்குள்ளேயுமா? இன்னொன்றும் சொன்னாள் சியாமளா, பெரிய ஆட்கள் காலை மறைக்க ஒன்றும் போடுவதில்லையாம், காற்சட்டை போட்டுக்கொண்டு திரிகிறவர்கள்தான் வேலைக்காரராம். அதைக் கேட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார், இந்த நாட்டுக்கு வந்தபிறகு அப்படிச் சிரித்ததாக நினைவில்லை. ஆனால் காற்சட்டை போடாத பெரிய ஆட்களும் சால்வையைக் கழற்றச் சொல்லியிருப்பார்கள்தானே, யாரையோ, எந்தச் சந்தியிலோ...

சந்தி என்றால் அது அவருடைய சந்திதான், வேறெது. யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போகிற பஸ்ஸில் ஏறினவுடனே சால்வை தோளுக்கு வரும், பட்டினத்தில் அவரைத் தெரிந்தவர்கள் இல்லை, அங்கே அவரும் மற்றவர்களைப்போல ஒரு ஆள், தேத்தண்ணிக் கடையில் கதிரையில் இருந்து குடித்திருக்கிறார், திரும்பி வந்து சந்தியில் இறங்கக் கால் மிதிபலகையைத் தொடும்போது சால்வை கமுக்கட்டுக்குள் இருக்கும். எப்போது இறங்கியது என்று அவருக்கே தெரியாது. இவருடைய சாதிக்கு ஊருக்குள் தோளில் சால்வை கிடக்கக்கூடாதென்று சின்ன வயதில் சொல்லியிருந்தார்கள், சொல்லியென்ன, தோளில் கிடந்ததற்காக அவருடைய தகப்பனை அதே சந்தியில் புளியமரத்தோடு கட்டினார்கள், அதுக்குப் பிறகு யாரும் சொல்லவேண்டி வரவில்லை. காலம் மாறித்தான் இருந்தது, சட்டம் வந்தது, கோவில் கதவு திறந்தது, பெடியன்கள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு அதே சந்தியில் நின்று சிகரெட் குடித்தார்கள். அவருடைய மகன் தேவராசனும் அவர்களில் ஒருவன், ஒருநாள் தகப்பன் பஸ்ஸால் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். சந்தியில் அப்போது ஒரு காகம்கூட இல்லை. அவன் ஏசவில்லை, ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். “ஆரும் சொல்லேல்லையே அப்பு, பிறகேன் எடுத்தனீங்கள்?” என்று மட்டும் கேட்டான். அவருடைய மனிசி செல்லம் இருந்திருந்தால் சாப்பாட்டைப் போட்டுக் கதையை மாற்றியிருப்பாள், அவள் அதுக்கு முதலே போய்ச் சேர்ந்துவிட்டாள். கொழும்பில் பிளேன் ஏற்றிவிடும்போதும் அவன் வேறொன்றும் கேட்கவில்லை, அங்கை போய்த் தோளிலை சால்வையோடை ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ, எனக்கு அதுவே காணும் என்றான். வந்த இடத்தில் சால்வைக்கு எங்கே போவது, இந்தக் குளிருக்குள் தோளில் சால்வை போட்டுக்கொண்டு நடந்தால் பைத்தியக்காரன் என்று பிடித்துக்கொண்டு போவார்கள். அவன் இப்போது எங்கே இருக்கிறான்? ஊரில் குண்டு போடுகிறார்கள் என்று ரேடியோவில் சொல்கிறார்கள், கடிதம் வந்து எவ்வளவோ நாளாகிறது. படம் போனால் மறுமொழி வரும் என்று அவருக்கு ஒரு எண்ணம். முட்டாள் எண்ணம்தான். ஆனாலும் வரும்...

படம் சியாமளா எடுப்பாள், கிழவியின் கமெராவை வாங்கி வைத்திருக்கிறாள். “அப்பு, அவர் உங்கடை காலடியிலை முழந்தாளிலை இருக்கேக்கை எடுக்கிறன், அசையாம நில்லுங்கோ” என்று கண்ணைச் சிமிட்டினாள், அந்தப் பிள்ளைக்கு விசயம் விளங்கியிருக்கிறது, கெட்டிக்காரி. காலடியில் இருக்கப்போகிற துறவி வேறு யாருமில்லை, உருத்திரமூர்த்திதான். இவ்வளவு பெரிய ஜெர்மனியில், இத்தனை முகாம் இருக்க, இந்த மனிதரும் இதே முகாமுக்கு வந்து சேரவேண்டுமா? அவருடைய தகப்பனின் புகையிலைத் தோட்டத்தில்தான் நாகமுத்தர் கிணற்றில் பட்டை இழுத்துத் தண்ணி இறைத்தது, முதுகு வளைந்தது. ஊரில் அவர் வாயில் இவர் ‘நாகன்’, பத்து வயது இளையவர் கூப்பிடுவது. இங்கே நாலு பேர் முன்னால் ‘நாகமுத்தண்ணை.’ இவர் அவரை ஊரில் நயினார் என்பார், இங்கே என்ன என்று கூப்பிடுவது என்று தெரியாமல் கூப்பிடாமலே காலத்தை ஓட்டுகிறார், தேவை வந்தால் முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமுவது. தேவை வராமலும் இல்லை, அகதி விசாரணைக்கு ஒவ்வொரு அரசாங்கக் கந்தோருக்கும் அந்த மனிதர் பின்னாலேதான் போகவேண்டியிருக்கிறது, இவருடைய வாயில் புறப்படுகிற கதை அவருடைய வாயால்தான் ஜெர்மனாக வெளியே வருகிறது, உள்ளே என்ன கூடிற்று, என்ன குறைந்தது, யார் கண்டது? திருப்பி அனுப்பினாலும் அந்த வாயால்தான், வைத்திருந்தாலும் அந்த வாயால்தான். தனக்குத் துறவி வேசம், அதுவும் சாயம் போடாத ஒரே நிற ஆட்டுமயிர் அங்கி என்று தெரிந்தபோது அந்த மனிதர் மறுப்பார் என்று நாகமுத்தர் பார்த்துக்கொண்டே இருந்தார், மறுக்கவில்லை, துறவிதானாம் கதாநாயகன். அல்லது வேறு எதையாவது மனதில் வைத்திருக்கிறாரா? கொஞ்சம் முதல் இந்தப்பக்கமாகப் போகும்போது நின்று, மேலும் கீழும் பார்த்து, “நாகமுத்தண்ணை, சால்வை உங்களுக்கு நல்லாக் கிடக்கு” என்றார். சிரிக்கவுமில்லை, முகத்தைச் சுளிக்கவுமில்லை. நல்லாகக் கிடக்கு என்றால்? மனதாரச் சொன்னாரா, நக்கலா, நல்லாகக் கிடக்கட்டும் பார்ப்போம் என்கிறாரா? மனிதரின் முகத்தை அறுபது வருசமாகப் படித்துப் பழகிய ஆளுக்கு இது படிக்க வரவில்லை...

அப்பாடா, வளையம் மாட்டிக்கொண்டது. கிழவி இரண்டு அடி பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, கம்பியின் நுனி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கக்கூடாது என்று மறுபடி வந்து அமுக்கினாள், கிட்ட வருகிறவனை அது குத்தினால் குற்றம் அதைப் போட்டிருக்கிறவனுக்காம், அந்த நாட்டுச் சட்டமாம், சியாமளா எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கமெராவோடு முன்னால் ஓடினாள். இருக்கட்டும், இறுக்கி அமுக்கு, எலும்பு வரைக்கும் அமுக்கு. இதுதான் அவருக்கு வேண்டியிருந்தது, தானாக விழாத சால்வை, காற்றுக்கு விழாது, கைக்கும் விழாது, பூட்டுப் போட்ட சால்வை. இப்படி ஒன்று அந்தக் காலத்தில் தகப்பனுக்குக் கிடைத்திருந்தால்... கிடைத்திருந்தால் என்ன, தோளோடு சேர்த்து இழுத்திருப்பார்கள். ஆனால் இங்கே இழுக்க யார்? திரை போய்விட்டது, வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது, முன்வரிசையில் பாதிரியார், குழந்தைகள், கிழவர்கள், அத்தனை பேரும் அவரைத்தான் பார்க்கிறார்கள், பார்த்தால் பார்க்கட்டும், சிவப்பும் பச்சையும் ஊதாவும் மஞ்சளுமாகச் சால்வை தோளிலிருந்து கணுக்கால்வரை கனத்துத் தொங்குகிறது, எத்தனை வீட்டுப் பழைய கம்பளியை வெட்டித் தைத்தாளோ, கனம் நல்லாகத்தான் இருக்கிறது, முதுகு தானாக நிமிர்கிறது. இந்த முதுகு இவ்வளவு உயரமா? தேவராசா, பாரடா. மண்டபத்து மறுபக்கக் கதவு திறந்து உருத்திரமூர்த்தி வருகிறார், வெறுங்காலோடு, ஒரே நிறத்தில், கையில் தடி, கதிரைகளுக்கு நடுவால் மெல்ல மெல்ல வருகிறார். அந்த நடை. வரம்பில் வருகிற நடை, அந்த நடையை இருட்டிலும் தெரியும், தோட்டத்தில் இறைத்துக்கொண்டு நிற்கும்போது அந்தச் செருப்புச் சத்தம் கேட்டால்... இப்போது செருப்பு இல்லை, வேசம், இது வேசம், அவர் துறவி, நான் அரசன், வந்து குனியப்போவது அவர். வந்துவிட்டார். படியேறிவிட்டார். அவருக்குப் பாடமான ஜெர்மன் வசனத்தைச் சொல்கிறார், முழந்தாள் மடிகிறது, தலை குனிகிறது, உச்சியில் மயிர் கொட்டியிருப்பது தெரிகிறது, இப்படி மேலேயிருந்து அந்தத் தலையை நாகமுத்தர் ஒருநாளும் பார்த்ததில்லை, இனிக் கையை வைக்கவேண்டும், கை எங்கே...

மின்னல் போல ஒரு வெளிச்சம், கமெரா. சனம் கை தட்டியது. எதுக்குத் தட்டுகிறார்கள், இன்னும் தலையில் கை வைக்கவில்லையே என்று அவர் யோசித்தபோதுதான் இடது கமுக்கட்டுக்குள் கம்பளியின் சூடு தெரிந்தது. தோள் இலேசாக இருந்தது. பித்தளை ஊசி வலது கைக்குள் இருந்தது. துறவிக்கு மரியாதை செய்து அரசன் தன் போர்வையைக் களைகிறான் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது, பாதிரியார்கூடத் தலையை ஆட்டி ஆட்டித் தட்டுகிறார், கிழவி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கிறாள். சியாமளா மட்டும் தட்டவில்லை, கமெராவை மடியில் இறக்கி வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெளிச்சம் முதலா, கை முதலா, படத்தில் சால்வை எங்கே? பிள்ளை, கொஞ்சம் நிமிர்ந்து பாரன், சொல்லன்... அவள் நிமிரவில்லை. திரும்பப் போடலாம், இப்போதே தூக்கித் தோளில் போடலாம், யாரும் மறிக்கப்போவதில்லை, ஆனால் கமுக்கட்டு இறுகிப்போய்க் கிடக்கிறது, திறவென்றால் திறக்கவில்லை, முதுகும் எப்போதோ வளைந்துவிட்டது. “கையை வையுங்கோ அண்ணை, கால் நோகுது” என்று கீழேயிருந்து மெல்லக் குரல் வந்தது. உருத்திரமூர்த்தி வந்து குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார், இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு. அவர் பார்க்கவே இல்லை. சால்வை இறங்கினதே அவருக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் படிப்பித்த கிழவிக்கே திறக்கவும் பூட்டவும் பிடிபடாத அந்த வளையத்தை, நாகமுத்தர் ஒருநாளும் தொட்டுப் பார்க்காத அந்த வளையத்தை, விரல்கள் எப்படித் திறந்தன, ஆர் காட்டிக்கொடுத்தது, ஆரும் சொல்லேல்லையே...