இருநூற்றுப் பதினான்கு, அதேதான்

மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்லியே பிழைக்கிறவர் பல் டாக்டர். தன் வாயைத் திறந்து "எனக்குத் தெரியலை" என்ற இரண்டு வார்த்தையைச் சொல்வது மட்டும் அவருக்குப் பல்லைப் பிடுங்குகிற வலி. அந்த வலிக்குப் பயந்துதான் அவர் மைத்துனனின் ஒரு வருட உழைப்பில் மண்ணைப் போட்டார்.

விஷயம் எண் குறுக்கெழுத்து. பத்திரிகையின் வார இணைப்பில் மாதம் ஒருமுறை வரும். சாதாரணக் குறுக்கெழுத்தில் கட்டத்துக்கு ஓர் எழுத்து என்றால் இதில் கட்டத்துக்கு ஓர் இலக்கம். குறிப்புகளைப் படித்தால் மண்டை காயும். 'ஐந்து குறுக்கு: இரண்டு நெடுக்கின் வர்க்கத்திலிருந்து ஒன்பது நெடுக்கைக் கழிக்க வருவது' என்று இருக்கும். இரண்டு நெடுக்கைப் பார்த்தால், அது ஐந்து குறுக்கிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியதாக இருக்கும். மாமியாரைக் கேட்டால் மருமகளைக் கேள், மருமகளைக் கேட்டால் மாமியாரைக் கேள் என்கிற கதைதான்.

டாக்டர் இதில் பழைய கை. கல்யாணமான புதிதில் மனைவியின் தம்பிக்கு இதைப் பழக்கிவிட்டவரும் அவரே. "மாப்ளைக்கு நான்தான் கத்துக் கொடுத்தேன்" என்று நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடக்கிற நோயாளிகளிடம் சொல்வார். பதில் பேச முடியாதவர்களிடம் பெருமை பேசுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

மைத்துனன் நிலம் அளக்கிற சர்வேயர். இருவருக்கும் நடுவே அவன் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தான். விடையைப் பேசிக்கொள்ளக் கூடாது. அவரவர் தனியாக முடிக்க வேண்டும். முடித்ததும் கட்டத்தில் உள்ள எல்லா இலக்கங்களையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை மட்டும் போனில் சொல்ல வேண்டும். ஒத்துப்போனால் தபாலில் போடலாம். இடித்தால் இருவரும் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

"எங்க வேலையில அப்படித்தான் அத்தான். இந்தப் பக்கமிருந்து ஒரு தடவை அளப்போம், அந்தப் பக்கமிருந்து ஒரு தடவை அளப்போம். ரெண்டும் ஒத்துக்கிட்டாத்தான் அது அளவு. ஒருத்தன் அளந்தது அளவே இல்ல, அபிப்பிராயம்."

வருடம் முழுக்க, பன்னிரண்டு புதிருக்கும் தப்பில்லாமல் விடை அனுப்பியவருக்குப் பத்திரிகை ஒரு மரியாதை செய்யும். அடுத்த ஆண்டில் ஒரு புதிரை அவரே அமைக்கலாம். அவர் பெயரோடு அச்சாகும். மைத்துனனுக்கு அதுதான் கனவு. தன் கட்டத்தை எப்போதோ வரைந்து முடித்துவிட்டான். தளம் போட்ட கையோடு வீட்டுக்குப் பேர் வைப்பவனைப்போல அதற்குத் தலைப்பும் வைத்திருந்தான். பதினோரு மாதம் தவறாமல் தாண்டியிருந்தான். டாக்டருக்கு அந்த ஓட்டம் வருட ஆரம்பத்திலேயே அறுந்துபோயிருந்தது.

பன்னிரண்டாவது புதிர் வந்தது. மகா கொடுமை. டாக்டர் அடுத்தடுத்த நோயாளிகளுக்கு நடுவே, பல் அச்சு எடுக்கிற மாவு இறுகும் நேரத்திலெல்லாம் அதோடு மல்லுக்கட்டினார். கீழ்ப்பாதி விழுந்தது. மேல்பாதி வெள்ளை வெளேரென்று அவரைப் பார்த்துச் சிரித்தது. சனிக்கிழமை காலை, ஒரு அம்மாளின் கடைவாய்ப் பல்லில் கருவியை வைத்திருந்தபோது போன் அடித்தது.

"அத்தான், முடிஞ்சுதா?"

முடியவில்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஆனால் நாற்காலியில் இருந்த அம்மாளிடம் சற்று முன்புதான் 'மாப்ளைக்கு நான்தான் கத்துக் கொடுத்தேன்' சொல்லி முடித்திருந்தார்.

"முடியாம? நீ சொல்லு."

"இருநூத்திப் பதினாலு. ஒரு இடத்துல கொஞ்சம் சந்தேகமாவே இருக்கு. உங்களுக்கு எவ்வளவு?"

"அதேதான்" என்றார் டாக்டர்.

"அப்பாடா. அப்ப இன்னிக்கே போட்டுடுறேன்."

அந்த 'அப்பாடா' டாக்டரின் காதில் அன்று முழுவதும் கிடந்தது. ஆனாலும் மாப்ளை தப்பே பண்ண மாட்டான் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, தன் அரைகுறைக் கட்டத்தை மேசை இழுப்பறையில் திணித்தார்.

சரியான விடை அனுப்பியவர்களின் பட்டியல் வந்தது. மைத்துனன் பெயர் இல்லை. விடை அடுத்த வாரம்தான் அச்சாகும்.

அன்று சாயங்காலமே போன் வந்தது. குரலில் வருத்தத்தைவிடக் கோபம்தான் அதிகம். "என் பேரும் இல்ல, உங்க பேரும் இல்ல அத்தான். தனித்தனியா உக்காந்து போட்ட ரெண்டு பேரும் எப்படி ஒரே மாதிரி தப்புப் பண்ண முடியும்? புதிர் போட்டவர்தான் எங்கயோ கோட்டை விட்டிருக்காரு. நான் ஆசிரியருக்கு எழுதப் போறேன். ஞாயித்துக்கிழமை வர்றேன், உங்க கட்டத்தோட நகல் ஒண்ணு வேணும். ரெண்டையும் சேத்து வச்சா மறுக்க முடியாது."

டாக்டர் சொன்ன ஒரு சொல் இப்போது சாட்சியாக ஊர்வலம் போகப்போகிறது. முகம் தெரியாத ஒரு புதிர்க்காரர்மேல் பழி விழப்போகிறது. இதையெல்லாம் நிறுத்த ஒரு வரி போதும். அந்த ஒரு வரியைச் சொல்வதற்குப் பதிலாக அவர் என்ன செய்தார் தெரியுமா? மேசை இழுப்பறையிலிருந்து கட்டத்தை எடுத்து, இருநூற்றுப் பதினான்கு வருகிற மாதிரி ஒரு விடையை இட்டுக்கட்ட உட்கார்ந்தார். படித்த மனிதர். வெட்கம் கெட்டுப்போனால் படிப்பு எதற்கெல்லாம் உதவுகிறது பாருங்கள்.

ஆனால் எண்கள் மனிதர்களைப்போல வளைந்து கொடுப்பதில்லை. பொய்யான விடையைப் பொருத்திப் பொருத்திப் பார்த்ததில், மூன்றாம் நாள் அவரை அறியாமலேயே மேல்பாதி மடமடவென்று திறந்துகொண்டது. கடைசியில் ஒரே இடம் பாக்கி. மூன்று இலக்கம்; இரு ஓரமும் தெரியும், ஆறும் ஏழும். குறிப்பு: 'பகா எண், ஓர் இலக்கம் இருமுறை வரும்.' ஆக 667, இல்லாவிட்டால் 677. ஏழு, பதினொன்று, பதிமூன்று, பதினேழு, பத்தொன்பது, எதற்கும் 667 வகுபடவில்லை. இருபத்துமூன்றுக்கு வகுபட்டது. அப்படியானால் 677. முழுவதையும் கூட்டினார். இருநூற்றுப் பதினைந்து.

மைத்துனன் சந்தேகப்பட்ட இடம் எது என்று அவருக்கு அப்போது புரிந்தது. மறுபடி ஒரு தடவை பார்த்திருந்தால் அவனே பிடித்திருப்பான். அவனைப் பார்க்க விடாமல் செய்தது 'அதேதான்'. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தன் மூஞ்சியைக் கைகழுவும் தொட்டிக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்க்கக்கூட அவருக்குக் கூசியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மைத்துனன் வந்தான். கையில் தட்டச்சுச் செய்த கடிதம். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "சாப்பிட்டியாடா?" என்றாள். "அப்புறம் அக்கா" என்று சொல்லிவிட்டு நேராக டாக்டரிடம் கையை நீட்டினான்.

டாக்டர் கட்டத்தைக் கொடுத்தார். அதற்குள் ஒரு குறுக்குவழி அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. 'அன்னிக்குக் கருவி ஓடிக்கிட்டு இருந்துச்சு மாப்ள, காதுல சரியா விழல.' எவ்வளவு சுலபம்! யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்களே, அதில் இரண்டாவது.

மைத்துனன் உதடசைய இலக்கங்களைக் கூட்டினான். நிமிர்ந்தான்.

"இருநூத்திப் பதினஞ்சு வருதே, அத்தான்."

"ஆமா."

"அன்னிக்கு அதேதான்னு சொன்னீங்க."

அக்கா துணி மடிப்பதை நிறுத்தினாள். அவள் பார்த்த பார்வையில் டாக்டரின் இரண்டாவது பொய் தொண்டையிலேயே செத்துப்போனது.

"அன்னிக்கு நான் பாதிதான் முடிச்சிருந்தேன், மாப்ள" என்றார். "தபால்லயும் போடல. தெரியலன்னு சொல்ல அசிங்கமா இருந்துச்சு."

திட்டுவான் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. மைத்துனன் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் விரல் 677-இல் போய் நின்றது.

"இருபத்துமூணால வகுத்துப் பாக்காம விட்டுட்டேன். பத்தொம்பதோட நிறுத்திட்டேன்" என்றான். "என் தப்புதான்."

"இல்ல மாப்ள..."

"என் தப்புதான் அத்தான். நீங்க இடிக்குதுன்னு சொல்லியிருந்தா இன்னொரு தடவை பாத்திருப்பேன். அவ்வளவுதான்."

கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். சாப்பிட்டான். குழம்பு நன்றாக இருக்கிறது என்று அக்காவிடம் சொன்னான். அத்தானிடமும் வழக்கம்போலப் பேசினான். அந்த வழக்கம்போல்தான் டாக்டரைத் தின்றது. அவன் போனபிறகு மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவன் கட்டத்துக்கு என்ன பேரு வச்சிருந்தான்னு தெரியுமா உங்களுக்கு?" டாக்டருக்குத் தெரியாது. அவன் சொல்லியிருப்பான், இவர் யாரிடமாவது பெருமை பேசிக்கொண்டிருந்திருப்பார். மனைவி பேரைச் சொல்லாமலே துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

புது வருடத்தின் முதல் புதிர் வந்தது. டாக்டர் நோயாளிகளிடம் பேச்சைக் குறைத்திருந்தார். வெறியோடு உட்கார்ந்து, ஒரு கட்டம் பாக்கியில்லாமல், எல்லா எண்ணையும் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்த்து முடித்தார். கூட்டினார். சனிக்கிழமை அவரே போன் செய்தார். நாற்காலி காலியாக இருந்தது.

"மாப்ள, இந்தத் தடவை நானே முதல்ல சொல்றேன். நூத்தித் தொண்ணூத்தெட்டு. நிஜமா முடிச்சிட்டேன். உனக்கு எவ்வளவு?"

மறுமுனையில் காகிதம் புரள்கிற ஒலிகூடக் கேட்கவில்லை.

"அதேதான், அத்தான்" என்றான் மைத்துனன், மரியாதையாக.

போனை வைத்த டாக்டர் தபால் உறையை எடுத்தார். பிறகு அதை ஓரமாக வைத்துவிட்டு, பேனாவை எடுத்து, ஒன்று குறுக்கிலிருந்து தனியாக மறுபடி சரிபார்க்கத் தொடங்கினார்.