நீலத் துணி கட்டிய இரண்டு ஆணிகள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு வசவிலிருந்து கிடைத்தது. ஓடையில் ஊறப்போட்ட மரவள்ளிக் கிழங்கைக் கூடையோடு காணோம் என்று பக்கத்து ஊர் ன்சோனா சந்தையில் நின்று அரை நாள் திட்டினாள். நான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: மயோம்பே காட்டில் மழை... (அடித்துவிட்டேன். மழையைக் கூப்பிடுகிறவனிடம் சொல்ல ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.)

இரண்டாவது: ன்சோனா ஆணியை நக்கினாள்.

இதுதான் சரி. எச்சில் பட்டால்தான், ஆணி அடித்து ஏவும் காவல் சிலையான ங்கோண்டிக்கு ஆள் தெரியும். மரத்தில் செதுக்கிய அதன் மார்பில் ஆணியை அடித்து, கட்டியிருந்த நீலத் துணியில் ஒரு துண்டைக் கிழித்து அதில் கட்டி, "தூங்குறியா, சோம்பேறி? எந்திரி! என் கிழங்க எடுத்தவன் வயிறு வீங்கட்டும்!" என்று அதட்டினாள். ங்கோண்டியிடம் நாங்கள் கெஞ்சுவதில்லை. ரோஷம் வந்தால்தான் அது வேலை செய்யும்.

2

பன்னிரண்டாம் நாள் வயிறு வீங்கியது, அவளுடைய சொந்தத் தம்பி புவாத்திக்கு.

(இங்கே எனக்கே சந்தேகம். தம்பி திருடுவானா? நேரில் போனேன்.)

"திருடலக்கா," என்று அவன் முனகிக்கொண்டிருந்தான். "பொண்ணு வீட்டுக்காரங்க திடீர்னு வந்துட்டாங்க. அக்கா கிழங்குதானே, அப்புறம் சொல்லிக்கலாம்னு..."

"வாயத் தொறந்து கேட்டா கூடையோட குடுத்திருப்பேனேடா, முட்டாப்பயலே!" ன்சோனா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

3

அவன் பிழைக்க ஒரே வழி, அடித்த ஆணியை உருவுவது. ஆனால் கோபத்தில் அடித்தவளுக்கு இடம் நினைவில்லை. பழைய படகில் கழற்றிய, ஏற்கெனவே துருப்பிடித்த ஆணி என்பதால் துருவும் அடையாளமில்லை. அவள் கிழித்துக் கட்டியது போன்ற நைந்த நீலத் துணி இரண்டு ஆணிகளில் தொங்கியது.

ங்கோண்டியைக் காக்கும் மந்திரக்காரர் ட்சிம்பா கையை விரித்தார். "எனக்குக் கண்ணுல பூ விழுந்துருச்சு தாயே. நீதான் பாத்துச் சொல்லணும். ஒண்ணு உன்னோடது. இன்னொண்ணு, மேட்டு ஊரும் ஆத்தோர ஊரும் இனி வெட்டிக்க மாட்டோம்னு சேந்து அடிச்சது. அத உருவுனா மறுபடி கத்தி வெளிய வந்துரும்."

"அப்ப என் தம்பி?"

"பொழுது சாயறதுக்குள்ள உருவணும்."

4

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். இடது ஆணியை உருவுகிறாள், வீக்கம் வடிகிறது. படிக்க நன்றாகத்தான் இருந்தது, எனக்கு நம்பிக்கை வரவில்லை. வலது ஆணியை உருவுகிறாள், ஆற்றோரத்து ஆண்கள்... (முடிக்கவில்லை.) எதையும் உருவாமல் இடுக்கியைக் கீழே வைக்கிறாள், புவாத்தி சாகிறான். இதை எழுதியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கக்கேடு.

மறைத்துப் பயனில்லை. நான் மேட்டு ஊர்க்காரன். என் இரண்டு மகள்களும் ஆற்றுக்குக் குளிக்கப் போயிருக்கிறார்கள்.

ஆகவே என் பேனாவை நம்பாதீர்கள். ன்சோனா இடுக்கியோடு நிற்கிறாள், வெயில் இறங்குகிறது. இடதா, வலதா, நீங்கள் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகள் யாரும் அந்தக் கரையில் இல்லையே.