குடத்தில் விழாத பெயர்கள்

திருமுக்கூடல் ஆற்றுமணலில் தன் நாய் செவலையைக் கண்டெடுத்தபோது பிரியங்கா அழவில்லை. நாயின் கழுத்தை அறுத்திருந்த நைலான் கயிற்றை வெட்டினாள்; புண்ணைக் கழுவி மருந்திட்டாள். அரசு மருத்துவமனைச் செவிலியின் கைகள் அவை. நெஞ்சுக்குள் மட்டும் ஒரு பெயர் கொதித்துக்கொண்டிருந்தது: பஞ்சாட்சரம்.

உத்திரமேரூரில் அவள் வாழும் பன்னிரண்டு வீட்டு அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் அவர். இரண்டு நாளுக்கு முன், செவலையைக் காவலாளி பெருமாளிடம் ஒப்படைத்துவிட்டு அவள் பணிக்குச் சென்றிருந்தாள். அந்த நேரம் பார்த்து, பஞ்சாட்சரம் ஏவ, அவர் மகன் தினகரன் நாயைச் சாக்கில் திணித்துக் காரில் ஏற்றிச் சென்றான். வேலைக்கு அஞ்சி வாய்மூடி நின்ற பெருமாள், மறுநாள் கண் கலங்க உண்மையைச் சொன்னார்; ‘முக்கூடல்’ என்று அவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்ததையும் சொன்னார்.

அதே குடியிருப்பில் பஞ்சாட்சரத்தின் மருமகள் ஜெயப்பிரியாவின் வெள்ளை நாய் குளிரூட்டிய அறையில் உறங்கியது. அது குரைத்தால் செல்லம். செவலை குரைத்தால் தொல்லை! ஏன்? அது விலை கொடுத்து வாங்கிய சீமை நாய். இதுவோ, வயல்வரப்பில் எலி பிடித்துப் பிழைத்த இருளர், பிரியங்காவின் தந்தை பெரியசாமியின் நாய். அவர் மறைந்தபின் மகளோடு மாடியேறிய நாய். ஏறக்கூடாது என்று அவர்கள் எண்ணியது நாயை மட்டுந்தானா? பஞ்சாட்சரம் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. “ஏரிக்கரைப் பழக்கத்த மாடிக்குத் தூக்கிக்கினு வந்துட்டாங்க” என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

பிரியங்கா செவலையை ஊர்க்கோடிக் குடிசையில் தாய் பொன்னியம்மாளிடம் சேர்த்தாள்.

“ஏம்மா, நமக்கு இன்னாத்துக்கு இந்தப் பொல்லாப்பு? வேற வூடு பாரேன்.”

“அது நான் வாங்குன வூடும்மா. நானும் போவமாட்டேன், செவலையும் அங்கதான் இருக்கும். ஆனா மொதல்ல அந்தாளு தல குனியணும். பதினோரு நாள் யாராண்டயும் மூச்சு வுடாத.”

பதினோராம் நாள் சங்கத் தேர்தல். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே குடவோலைத் தேர்தல் நடத்திய ஊரில் பிறந்தவர் என்பதில் பஞ்சாட்சரத்துக்குத் தலைகொள்ளாப் பெருமை. கோயில் கல்வெட்டைப் பார்த்துத் தாமே விதி எழுதியிருந்தார். பொறுப்புக்கு வர விரும்புவோர், ‘பிறர் பொருளைக் கவர்ந்தேன் இல்லை’ என்று சபையறியச் சொல்லிவிட்டுத் தம் பெயரெழுதிய சீட்டைக் குடத்திலிட வேண்டும்; குலுக்கி எடுக்கும் சீட்டில் இருப்பவரே அவ்வாண்டின் செயலாளர். கவர்ந்தவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும், பொருளுக்கு உரியவர் மன்னித்து எழுதித் தந்தாலொழிய, ஐந்தாண்டு தகுதியில்லை. கேட்க எவ்வளவு இனிப்பு! ஆனால் மூன்றாண்டாகக் குடத்தில் விழுந்தவை நான்கே சீட்டுகள்: அவர், மகன், தலையாட்டிகள் இருவர். எது வந்தாலும் ஆட்சி அவருடையதே.

அந்த நாள்களில் எதிர்ப்படும்போதெல்லாம் பிரியங்கா அவருக்கு வணக்கம் வைத்தாள்.

“நாயி போச்சேன்னு வருத்தமாம்மா?”

“போனா போவுது சார்.”

அடங்கிவிட்டாள் என்று அவர் மகிழ்ந்தார். அவளோ பொறி வைத்துக்கொண்டிருந்தாள்.

தேர்தல் நாளன்று வாகன நிறுத்தத்தில் எல்லோரும் கூடினர். தேர்தலை நடத்தும் ஓய்வுபெற்ற ஆசிரியை சுகிர்தா பித்தளைக் குடத்தோடு நடுவில் அமர்ந்தார். பஞ்சாட்சரம் தம் சாதனைகளை முழங்கி முடித்ததும் பிரியங்கா எழுந்தாள்.

“சார், நாய்த் தொல்லைய ஒழிச்சது யாருன்னு சொல்லவே இல்லியே? எல்லாரும் தெரிஞ்சிக்க வேணாமா?”

கைதட்டலுக்கு ஏங்கும் மனிதருக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? நெஞ்சை நிமிர்த்தினார்.

“நான்தான்! தினகரன் கார்ல ஏத்திக்கினு போயி முக்கூடலாண்ட வுட்டுட்டு வந்தான். வேற எவனுக்குத் துணிச்சல் வந்துது?”

“எந்த நாயி சார்?”

“உன் நாயிதாம்மா. இன்னா கேள்வி இது?”

“அப்ப, அடுத்தவங்க பொருள எடுத்ததில்லன்னு சொல்லிட்டுச் சீட்டப் போடுங்க சார்.”

கைதட்டவிருந்த கைகள் அந்தரத்தில் நின்றன. பஞ்சாட்சரம் சிரிக்க முயன்றார்.

“நாயி இன்னா நகையா? தெருவுல திரியிறதுக்கு ஏதும்மா ஓனரு?”

சென்ற மாதம் அவர் அனுப்பிய அறிவிப்பை அவள் விரித்தாள். ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் படித்தாள். “‘சி நான்காம் எண் வீட்டுப் பிரியங்காவுக்குச் சொந்தமான நாயை உடனே அகற்ற வேண்டும்.’ கீழ கையெழுத்து யார்து சார்?”

தாள் சுகிர்தாவின் கைக்குப் போனது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

“கையெழுத்து உங்களுது. விதியும் நீங்க எழுதுனது. குடத்தாண்டயிருந்து தள்ளி நில்லுங்க.”

“தினகரன் சார் சீட்டும்,” என்றாள் பிரியங்கா.

“ஒரு நாயிக்காவ ஒரு குடும்பத்தையே அசிங்கப்படுத்துவியா?”

“எங்கப்பா வளத்த நாயி சார்.”

அன்றுதான் முதன்முறையாக, தலையாட்டிகள் அல்லாதவரும் துணிந்து சீட்டிட்டனர். குலுக்கி எடுத்ததில் வந்த பெயர் கோவிந்தம்மாள்; நாயைக் கண்டாலே நாற்காலி மேல் ஏறும் அம்மாள்.

“நாய இட்டாந்து வச்சிக்கோ கண்ணு. என்னாண்ட மட்டும் வர வுடாத, உனக்குப் புண்ணியமாப் போவும்!”

மாலையில் செவலை வீடு திரும்பியது. சிறிது நேரத்தில் அழைப்புமணி ஒலித்தது. வாசலில் தந்தையும் மகனும்.

“ஊரே சிரிக்கிதும்மா,” என்றார் பஞ்சாட்சரம். அவர் குரலில் முழக்கம் இல்லை. “எனக்கு வேணாம். இவனாவது அடுத்த வருசம் நிக்கணும். மன்னிச்சிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடு.”

“எனக்கு இன்னா சார். செவல மன்னிச்சா நானும் மன்னிக்கிறேன். உள்ள வாங்கண்ணே.”

தினகரன் தயங்கித் தயங்கி ஒரு காலை உள்ளே வைத்தான். சமையலறை ஓரம் படுத்திருந்த செவலை தலை தூக்கி மோந்தது. குரைக்கவில்லை, பாயவில்லை. உடல் வெடவெடவென்று உதற எழுந்தது. நின்ற இடத்திலேயே சிறுநீர் வழிந்து தரையில் பரவ, வயிறு தேயத் தவழ்ந்து கட்டிலுக்கடியில் ஒடுங்கிக்கொண்டது.

அவர்கள் தலை குனிந்து நிற்பதைப் பார்த்து மகிழலாம் என்றே பிரியங்கா கதவைத் திறந்திருந்தாள். மகிழ்ச்சி வரவில்லை. எங்கோ மிச்சமிருந்த இரக்கந்தான் போயிற்று.

“பாத்துட்டீங்களா சார்? அஞ்சு வருசம் பத்தாது.”

தினகரன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அவள் கதவைச் சாத்தித் தாழிட்டாள்.