நெஞ்சில் குத்திய எண்

காலை நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் மணிமேகலைக்கு ஆகாது. ஒன்று லோன் வேண்டுமா என்று உயிரை வாங்குவார்கள், இல்லையென்றால் வயிற்றில் புளியைக் கரைப்பார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த கையோடு எடுத்தாள்.

"மேடம், அசோக்குமார் வைஃபுங்களா?"

"ஆமாங்க."

"மாரத்தான் நடக்குதே, அங்கிருந்து பேசறோம். சார் ஓடிக்கிட்டிருக்கும்போது விழுந்துட்டாரு மேடம். பாகலூர் ரோடு ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ்ல அனுப்பிட்டோம். நீங்க உடனே வாங்க."

"விழுந்துட்டாருன்னா? தடுக்கியா?"

அந்தப் பக்கத்துக் குரல் தயங்கியது. "இல்ல மேடம். மயங்கிட்டாரு. நீங்க வாங்க."

மூச்சு இருக்கிறதா என்று கேட்க வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டார்கள். கல் காய்ந்து புகைந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தபடியே நின்றாள். அடுப்பை அணைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

நாலு மாதமாக அவள் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள் என்பது அந்த ஜூஜுவாடித் தெருவுக்கே தெரியும். அசோக்குமாரின் அப்பா மணப்பாறை மாட்டுச் சந்தையில், கயிற்றைக் கையில் பிடித்தபடியே நெஞ்சு வலி வந்து சாய்ந்தவர். அப்போது அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. அந்த அப்பாவுக்குப் பிறந்த பிள்ளை, உதிரிபாகத் தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் வேலை பார்த்துக்கொண்டு சிவனே என்று இருக்கக் கூடாதா? யாரோ சொன்னார்கள் என்று ஓட ஆரம்பித்தான். கூடவே ஒரு வாட்ஸ்அப் குழு. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'ஓசூர் ஓடுகாலிகள்'. குடும்பப் பெண்கள் வாயில் வரக்கூடிய பெயரா அது!

ஞாயிறு சாயங்காலம் ஆனால் அந்தக் குழுவில் வாரக் கணக்கு வரும். யார் எத்தனை கிலோமீட்டர் ஓடினார்கள், எவ்வளவு நேரத்தில் ஓடினார்கள், போன வாரத்தைவிடக் கூடவா குறைவா. அட்மின் முனிவேல் லேத் பட்டறை வைத்திருக்கிற ஆள். கூடுதலாக ஓடியவனுக்கு நெருப்புப் படம் போடுவார், குறைத்து ஓடியவனுக்கு ஆமைப் படம் போடுவார். நாற்பதை நெருங்கும் ஆம்பிளைகள் அந்த ஆமைப் படத்துக்குப் பயந்து விடியற்காலையில் எழுந்து ஓடினார்கள். பெண்டாட்டி சொல்லுக்கு அந்தப் பயம் கிடையாது.

"ஓடுனாத்தான் ஹார்ட்டு நல்லா இருக்கும் மேகலா," என்பான் அசோக்குமார். அவள் ஓடும்போது விழுந்தவர்களின் வீடியோவைக் காட்டுவாள். அவன் ஓடிப் பிழைத்தவர்களின் வீடியோவைக் காட்டுவான். இன்றைக்கு இருபத்தோரு கிலோமீட்டர் பந்தயம். இருட்டோடு எழுந்து, நெஞ்சில் அந்த பிப் என்கிற எண் தாளை நாலு ஊக்குகளால் குத்திக்கொண்டு, புது மாப்பிள்ளை மாதிரி கண்ணாடி பார்த்துவிட்டுப் போனான். எண்ணுக்குக் கீழே அவன் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. தாளின் பின்பக்கம், ஆபத்து என்றால் அழைக்க வேண்டிய இடத்தில் அவள் நம்பரை அவளேதான் எழுதினாள். எழுதும்போதே கை கூசியது.

அவன் நம்பரை அழுத்தினாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது போன். மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதே பெண், அதே சாவகாசமான குரல்.

எதிர்வீட்டுக் கதவை அவள் தட்டிய தட்டலில் ஸ்வாதி கையில் துடைப்பத்தோடு ஓடிவந்தாள். ஸ்வாதி கோவில்பட்டிக்காரி. அவள் புருஷன் சுபாஷும் ஓடுகாலிக் கூட்டத்தில் ஒருவன். அசோக்குமாருக்கு உயிர் நண்பன்.

"அவுரு விழுந்துட்டாராம் ஸ்வாதி," என்றாள் மணிமேகலை.

ஸ்வாதி துடைப்பத்தை மூலையில் போட்டாள். மணிமேகலை வீட்டுக்குள் போய் அடுப்பை அணைத்தாள், இரண்டு வீட்டையும் பூட்டினாள், தெருமுனையில் நின்ற திம்மராயனின் ஆட்டோவைக் கை தட்டிக் கூப்பிட்டாள். மணிமேகலையைக் கையைப் பிடித்து ஏற்றி உட்காரவைத்த பிறகுதான் பேசினாள்.

"ஒண்ணும் ஆயிருக்காதுக்கா. வெயில்ல கிறுகிறுன்னு வந்திருக்கும். எங்க வீட்டுல அவுக அங்கனதான இருக்காக, விட்ருவாகளா? அண்ணன் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாக."

சுபாஷ் அன்றைக்கு ஓடவில்லை. போன வாரம் முழுக்கக் காய்ச்சலில் கிடந்து வாரக் கணக்கில் பூஜ்யம் போட்டிருந்தான். முனிவேல் ஒன்றுக்கு மூன்று ஆமைகளை வரிசையாக விட்டிருந்தார். இந்த வாரமும் காய்ச்சல் விட்டு விட்டு அடித்தது. பந்தயத்துக்குப் பணம் கட்டியிருந்தும், சனிக்கிழமை பிப் வாங்கப் போகக் கூடாது என்று ஸ்வாதி வாசலில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். சரி, கை தட்டவாவது போகிறேன் என்று ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு காலையில் கிளம்பிப் போனான்.

ஸ்வாதி அவனுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை.

"அங்க மைக் செட்டு அலறும்லா, கேட்டிருக்காது," என்றாள்.

ஆட்டோ நெடுஞ்சாலையில் ஏறியது. கர்நாடக எல்லையைத் தாண்டி வந்த லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன. ஞாயிற்றுக்கிழமையிலும் இந்த ரோட்டுக்கு ஓய்வு கிடையாது. ஒவ்வொரு லாரியையும் திம்மராயன் உரசுகிற மாதிரி கடந்துபோனார். அப்படியும் மணிமேகலைக்கு வண்டி நகரவே இல்லை. மாமனாரைச் சந்தையிலிருந்து கொண்டுவந்த டெம்போவை அவள் பார்த்தவள். கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை நினைக்காதே என்று மனதுக்குச் சொல்லச் சொல்ல, மனது அந்தக் காலையே காட்டியது.

"கூப்புட்டவங்க மூச்சு இருக்குன்னு சொல்லவே இல்ல ஸ்வாதி."

"இல்லாட்டி ஆஸ்பத்திரிக்கு எதுக்குக்கா அனுப்புதாக?"

"செத்தவங்களையும் அங்கதானே கொண்டுபோறாங்க."

ஸ்வாதி அவள் வாயைக் கையால் பொத்தினாள். "ச்சீ, அப்படிச் சொல்லாதீங்க."

"பயப்படாதம்மா," என்றார் திம்மராயன் திரும்பாமலே. "தேவுடு இருக்கான்."

இருக்கிறவன் காலையிலேயே கொஞ்சம் பார்த்திருக்கக் கூடாதா என்று மணிமேகலைக்குக் கோபம் வந்தது. கோபம் வந்த அடுத்த நொடியே பயமும் வந்தது. இந்த நேரத்தில் சாமியைப் பகைத்துக்கொள்ளலாமா? சந்திரசூடேஸ்வரர் மலை தெரிந்த திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவரை மட்டும் விட்டுடு சாமி, வேற யாருக்கு என்ன வேணும்னாலும் ஆவட்டும் என்று வேண்டிக்கொண்டாள். பயத்தில் இருப்பவர்கள் அப்படித்தான் வேண்டுவார்கள். பக்கத்தில் ஸ்வாதி நாலாவது தடவையாக சுபாஷுக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார். ஒருவர்தான் உள்ளே போகலாமாம். "நீங்க போங்கக்கா. நான் இங்கனயே நிக்கேன். அவுகளும் இங்கதான் எங்கனயாவது இருப்பாக, தேடிக் கூட்டிட்டு வாரேன்," என்றாள் ஸ்வாதி.

உள்ளே நுழைந்ததுமே ஒரு டாக்டர் எதிரே வந்தார். சின்ன வயசு. நெற்றியெல்லாம் வியர்வை.

"அசோக்குமார் வைஃப் நீங்கதானா? ஹார்ட் ஒரு தடவை நின்னுடுச்சும்மா. ஷாக் குடுத்துத் திரும்பக் கொண்டுவந்திருக்கோம். இன்னும் ஆபத்துதான். நான் கேக்கறதுக்குச் சட்டுன்னு பதில் சொல்லுங்க. ரெண்டு மூணு வாரத்துல காய்ச்சல், சளி, உடம்பு வலின்னு ஏதாவது இருந்துச்சா?"

சட்டென்றே சொன்னாள். "இல்லீங்க. ஒரு தும்மல்கூட இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. காய்ச்சல் இருந்திருந்தா வைத்தியமே வேற."

"அவங்கப்பாவுக்கு நெஞ்சு வலி இருந்துச்சுங்க. அவுருக்குக் காய்ச்சல்லாம் இல்லீங்க டாக்டர்."

டாக்டர் எதையோ குறித்துக்கொண்டு நர்ஸைக் கூப்பிட்டார். மணிமேகலை திரைக்குப் பக்கம் போனாள். கைக்குத் திரையை விலக்கத் தைரியம் இல்லை. கீழே இடைவெளியில் கட்டில் விளிம்பு தெரிந்தது. குனிந்து பார்த்தாள். இரண்டு கால்கள்.

ஓடி ஓடி அசோக்குமாரின் இரண்டு கட்டைவிரல் நகங்களும் கருத்து விழுந்திருந்தன. அந்த அசிங்கத்தை அவள் தினமும் திட்டியிருக்கிறாள். இந்தக் கால்களில் பத்து நகங்களும் வெள்ளையாக, முழுசாக இருந்தன.

மறுபடி பார்த்தாள். பத்து.

இல்லை. அவர் இல்லை. இது என் வீட்டுக்காரர் கால் இல்லை!

போன உயிர் திரும்பி வருவது என்று சும்மா சொல்கிறார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். நிஜமாகவே வந்தது, உள்ளங்காலிலிருந்து உச்சிவரை சூடாக வந்தது. அவள் சிரித்தாள். சத்தமாகவே சிரித்தாள். நர்ஸ் திரும்பிப் பார்த்து முகம் சுளித்தாள். யாரோ எவரோ, பாவம், அவர்களுக்கும் வேண்டிக்கொள்கிறேன் சாமி என்று நினைத்துக்கொண்டே, எண்ணை மாற்றிப் படித்த முட்டாள்களிடம் சொல்லிவிடலாம் என்று திரையை விலக்கினாள்.

கத்தரித்துப் போட்ட பனியன் கட்டில் ஓரத்தில் கிடந்தது. அதில் பிப் அப்படியே இருந்தது. அசோக்குமார் என்ற கொட்டை எழுத்தும் இருந்தது. வாயில் குழாய் செருகப்பட்டு, கண் பாதி மூடிக் கிடந்தவன் சுபாஷ்.

அவள் கையிலிருந்த போன் அதிர்ந்தது. தெரியாத எண். காதில் வைத்தாள்.

"மேகலா, நான்தான். கம்பெனி செக்யூரிட்டி போன்ல இருந்து பேசறேன்." அசோக்குமாரின் குரல், மெஷின் சத்தத்துக்கு நடுவே, உற்சாகமாக. "கிரவுண்டுக்குப் போனதுமே சூப்பர்வைசர் கூப்புட்டாரு, லைன் நின்னு போச்சாம். என் போன் சார்ஜ் போயி அணைஞ்சுடுச்சு. இப்பதான் வெளிய வந்தேன். பிப்பை சுபாஷுக்குக் குத்திவிட்டுட்டேன். இந்த வாரமும் பூஜ்யம் போட வெக்கமா இருக்குடான்னான், பாவம். குரூப்ல போட்டோ ஏதாவது வந்துச்சா? ஸ்வாதிகிட்ட மட்டும் சொல்லிடாத, அது கொன்னே போட்டுடும்."

மணிமேகலை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "ஹலோ, ஹலோ" என்று அவன் கத்தியது வெளியே கேட்டது. கொஞ்சம் முன்னால் சிரித்த சிரிப்பு இன்னும் அவள் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைத்தெறிய வேண்டும் போலிருந்தது. அவள் ஆட்டோவில் வேண்டிக்கொண்டது அப்படியே பலித்திருந்தது. சாமி வேறு யாரையும் தேடிப் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வீட்டையே எடுத்துக்கொண்டது.

காய்ச்சல் இல்லை என்று டாக்டரிடம் சொன்ன தப்பான பதில் நெஞ்சில் இடித்தது. நின்று அழ நேரமில்லை. "இது வேற ஆளு டாக்டர், இவருக்குக் காய்ச்சல் இருந்துச்சு" என்று கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினாள்.

ஸ்வாதி கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே நின்றிருந்தாள். மணிமேகலையின் முகத்தையும், போனில் கேட்ட அசோக்குமாரின் குரலையும் சேர்த்துப் பார்த்தவள் கண்ணில் நீர் தளும்பச் சிரித்தாள்.

"அண்ணன் சத்தம்லா அது! பேசுதாகளா? நான்தான் சொன்னேன்லக்கா, ஒண்ணும் ஆவாதுன்னு!" மணிமேகலையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அப்ப உள்ள கிடக்கது யாருக்கா? ஆளு மாறிப்போச்சா?"

பின்னால் டாக்டர் வந்து நின்றார். மணிமேகலை அந்தக் கைகளை விடவில்லை. எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. முதலில் தெரிய வேண்டியது எது என்று மட்டும் தெரிந்தது.

"ஸ்வாதி, டாக்டர் கேக்கறாரு. சுபாஷுக்குக் காய்ச்சல் எப்ப விட்டுச்சு?"

"வெள்ளிக்கிழமை ராத்திரி வரைக்கும் இருந்துச்சேக்கா. மாத்திரை போட்டாத்தான் விடும். நெஞ்சு ஒரு மாதிரி கனமா இருக்குன்னுகூடச் சொன்னாக..."

டாக்டர் உள்ளே பார்த்துக் கத்தியபடி ஓடினார். ஸ்வாதி அவர் போன திசையைப் பார்த்தாள், பிறகு மணிமேகலையைப் பார்த்தாள். அவள் கைகள் மணிமேகலையின் கைகளுக்குள் சில்லிட்டுக்கொண்டே வந்தன.

"அதை எதுக்குக்கா கேக்காக?" என்றாள்.