பதினேழு பாகை

தோப்பூர்ச் சிகிச்சை நிலையத்துக் குளிர்ப்பெட்டியின் வெப்பநிலைத் தாளை யோகலிங்கம் இரண்டாம் முறையும் பார்த்தான். பத்து மாதமாக ஐந்து பாகையில் படுத்துக்கிடந்த நீலக்கோடு, நேற்று முற்பகலில் எழுந்து பதினேழைத் தொட்டு, மாலைவரை இறங்காமல் நின்றிருந்தது.

போர் மின்கம்பிகளை அறுத்தபின், தடுப்பு மருந்துக்கென்று அவன் வடிவமைத்த சூரியக் குளிர்ப்பெட்டி அது. இரண்டு பற்றரி தேவை. இராணுவச் சோதனைச்சாவடி ஒன்றைத்தான் உள்ளே கொண்டுவர விட்டது. ஆகவே, நாளொன்றுக்கு நான்கு தடவைக்குமேல் திறக்கலாகாது என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தான். நேற்று, நிதி வழங்கும் வெளிநாட்டார் பார்வையிட வந்திருந்தார்கள்.

"இதுக்குள்ள எத்தனை போத்தல் வச்சனீங்கள்?"

"ரெண்டு டசின் சோடா, சேர். வெயில்ல கிடந்த போத்தல்," என்றாள் மருத்துவமாது நஜ்முன் நிஸா. "உங்கட பெரிய சேர்தான் வைக்கச் சொன்னவர்."

அவற்றில் ஒன்றை அவனும் குடித்திருந்தான். வெயிலே குளிர்ந்து வந்திருக்கிறது என்று விருந்தினரிடம் பெருமையும் பேசியிருந்தான்.

"காலையில ஒம்பது புள்ளைகளுக்குப் போலியோச் சொட்டு குடுத்துட்டன். பழுதெண்டு நீங்க எழுதித் தந்தாத்தான் புது மருந்து வரும். இல்லாட்டி பதிவுக் கொப்பியிலதான் குடுத்ததா இருக்கும்; புள்ளைகளுக்குப் பலன் இராது."

அந்தப் பெரிய சேர், திட்டப் பணிப்பாளர் இராசதுரை, வெளியே வாகனத்தில் காத்திருந்தார். யோகலிங்கம் போய்த் தாளில் கண்டதைச் சொன்னான்.

"விருந்தாளியளுக்குச் சுடுசோடாவோ குடுக்கிறது, ஐசே? தாள் துலைஞ்சு போச்செண்டு எழுதும். சண்டைக்குள்ள தாள் துலையிறது புதினமோ? இன்னும் நாற்பது கிராமத்துக்குப் பெட்டி வரப்போகுது. உம்மட கலாநிதிப் பட்டமும் இதிலதான் நிக்குது."

"மருந்து பழுதாப் போச்சு, சேர்."

"ஆர் கண்டது? சொட்டு வாய் திறந்து கதைக்குமோ?"

சிரித்தார். அந்தச் சிரிப்பு அருவருப்பாக இருந்தது. அவர் சொல்லுமுன்னரே தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டிருந்த தன் கை, அதைவிட அருவருப்பாக இருந்தது.

உள்ளே திரும்பிப் போனான். தாளை விரித்து அதன் முதுகில் எழுதினான்: 'இருபத்து நான்கு சூடான போத்தல்கள் வைக்கப்பட்டன. மருந்து பழுது. ஒரு போத்தலை நான் குடித்தேன்.' கையொப்பமிட்டான்.

"இப்பவே மூதூர்ச் சுகாதாரப் பணிமனைக்கு அனுப்புங்கோ."

நஜ்முன் நிஸா வாசித்தாள். "பெரிய சேர் உங்கள ஏத்திட்டுப் போகமாட்டார்."

"ஓம். பஸ்ஸில போறன்."

பெட்டிக்குள் மூன்று போத்தல்கள் மிச்சமிருந்தன. அவற்றை முற்றத்துக்குக் கொண்டுபோய், வாகனத்திலிருந்தவர் பார்க்கவே, ஒவ்வொன்றாக மணலில் கவிழ்த்தான். எறும்புகள் உடனே வந்தன.